பிரித்துவிட்ட தையல்

"உடுப்பெல்லாம் இறுக்கமா இருக்காம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லையே, எல்லாம் அளவாத்தான் இருக்கு" என்றாள் தையல்காரரின் மனைவி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர் அவள் சட்டையின் ஓரத்தைப் பார்த்தார். அளவாக இல்லாமல் என்ன செய்யும்? அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துச் சட்டைகளை எடுத்து, ஓரத்தில் மடித்து விட்டிருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தளர்த்தி வைத்தவரே அவர்தானே. பெண்டாட்டி சதை போடுகிறாள் என்று நினைத்தார். அதைச் சொல்லி அவள் முகத்தை வாட வைப்பானேன் என்றும் நினைத்தார். ஊராரிடம் அரை இஞ்சுக்கும் கறாராக நிற்கிற மனிதர், வீட்டில் மட்டும் இப்படிக் கோட்டை விட்டார்.

டாக்டரம்மா அவள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது.

"இது சதை இல்லம்மா, தண்ணி. ரத்தத்துல இருக்கற புரதம்தான் தண்ணிய வெளிய கசிய விடாம பிடிச்சு வெச்சுக்கும். உங்களுக்கு அது சிறுநீர்ல போயிட்டிருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"நான்தாங்க பிரிச்சு விட்டேன்" என்றார் தையல்காரர். எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. "டஜன் டஜனா முட்டை வாங்கிக் குடுத்துடறேன் டாக்டர்."

"ஓட்டைப் பானையில எவ்வளவு ஊத்துவீங்க? முதல்ல ஓட்டைய அடைக்கணும். மாத்திரை தர்றேன், உப்பக் குறைங்க. சிறுநீரகம் தேறுமான்னு போகப் போகத்தான் தெரியும்."

வழியெல்லாம் அவர் தலை நிமிரவில்லை. அவள்தான் வாயைத் திறந்தாள்: "அதான பார்த்தேன். மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆகுது, சட்டை மட்டும் எப்படி ஏறுதுன்னு. குண்டானாலும் பரவாயில்லன்னு இருந்தீங்களாக்கும்?"

"நீ எப்படி இருந்தா எனக்கென்ன? இருந்தா போதும்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அதன் பிறகு மாத்திரை நேரம் தவறவில்லை. உப்பு டப்பா அவர் தையல் மெஷினின் இழுப்பறைக்குள் குடிபோனது. ஆனால் நாடாவை எடுத்து அவளை அளக்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் காலையில், பொத்தானுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் அவள் வந்து நின்று கையை நீட்டினாள். சட்டைக் கை தொளதொளவென்று தொங்கியது.

"பிடிங்க. எவ்வளவு உள்ள வாங்கணும்னு பாருங்க."

குண்டூசியை எடுக்கவேண்டியவர் எடுக்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே மிஞ்சிய அந்தத் துணியைப் பிடித்தபடியே இருந்தார்.