பதினாலாம் தேதிச் சீட்டு

என் மனைவி செண்பகவல்லியிடம் அன்றன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போக, தினமும் மூன்று மணிக்கு நகல் அலுவலகத்திலிருந்து மாசிலாமணி வருவார். எட்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை அவளை முழுசாக நகல் எடுத்தார்கள். மூன்று நாள் ஆயிற்று. தலையில் ஆரம்பித்துக் கால் வருவதற்குள் தலை மாறிவிட்டது. அதிலிருந்து தினம் ஒரு சீட்டு, வித்தியாசம் மட்டும்.

என்னைத் தினமும் முழுசாகவே எடுத்துவிடுவார். நான்கு நிமிடம் ஆகும். நான் சின்ன ஆளாம், அதிகம் மாறுவதில்லையாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சீட்டில் அவ்வளவு நேரம் என்னதான் எழுதுகிறார் என்பதும் பிடிக்கவில்லை. எட்டிப் பார்த்தால் மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

போன செவ்வாய்க்கிழமை செண்பகவல்லி துணி காயப்போடப் பால்கனிக்குப் போனாள். பால்கனிக்குப் போகும் வழி அன்றைக்கு நீளமாக இருந்தது. அவள் வாளியோடு போய்க்கொண்டே இருந்தாள். பிறகு ஆளே தெரியவில்லை. நான்கு நாள் காத்திருந்தேன். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. நகலிலிருந்து அவளை மீட்டுத் தரச் சொல்லி மனு எழுதிக்கொண்டு நகல் அலுவலகத்துக்குப் போனேன்.

"எந்தத் தேதி வரைக்கும் வேணும்?" என்றார் மாசிலாமணி.

"துணி காயப்போடப் போனது வரைக்கும்."

முழு நகலை எடுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய செண்பகவல்லி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவளுக்குக் கண்ணாடி வந்தது. முழங்கால் வலி வந்தது. நான் வாயைத் திறந்தாலே ஜன்னல் பக்கம் திரும்பும் பழக்கம் வந்தது. என் மனைவியேதான்.

போன வருடம் மார்ச் பதிமூன்றில் நிறுத்திவிட்டார்.

"பதினாலாம் தேதிச் சீட்டைக் காணோம்."

"அதை விட்டுட்டு அடுத்ததைப் படிங்க."

"படிச்சா வேற யாராவது வந்து உட்காருவாங்க. ஒவ்வொண்ணும் முந்தின நாள் மேலதான் ஒட்டும்."

"நீங்க எங்கேயோ தொலைச்சிருக்கீங்க" என்றேன். அவர்மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்.

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நீங்கதான் வாங்கிட்டுப் போயிருக்கீங்க."

என் கையெழுத்துதான். கடைசிச் சுழி உட்பட.

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"எப்படி இருக்கும்? மறுநாளே மனு கொடுத்து, உங்களைப் பதிமூணாம் தேதி நகலுக்கு மாத்திக்கிட்டீங்க. நாலு நிமிஷத்துல ஆச்சு."

அந்த மனுவையும் காட்டினார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த விஷயம்' என்று எழுதியிருந்தேன்.

மனுவை மடித்து அவரிடமே நீட்டினேன். "இப்படியே கூட்டிட்டுப் போகலாமா?"

"தாராளமா. ஆனா இவங்களுக்கு நாளைக்குப் பதினாலு."

செண்பகவல்லி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"பதினாலாம் தேதி என்னங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை" என்றேன்.

"பண்ணீங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

மாசிலாமணி புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார். மேலே பதினான்கு என்று தேதி போட்டார். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

அவள் பெஞ்சில் என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அதையும் எழுதிக்கொண்டார்.