பெரில் சாகாத பேருந்து

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையைத் தேடி நான் எங்கும் போகவில்லை. ஒரு மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கதை அங்கே உட்கார்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு ரூபினிக்குப் பத்தொன்பது வயது. "அங்கிள், உங்க கெரேத்தா பெருசுலா. ஸ்பீக்கர், மைக் ஸ்டாண்டு ரெண்டையும் ஜார்ஜ்டவுன்ல கொண்டாந்து விட்றீங்களா?" என்று என் காரைக் காட்டிக் கேட்டாள். லெபோ பந்தாய் தெருப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் 'சாம்பல் மதில்' வாசகர்கள் கூடுகிறார்களாம். அது இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஐந்து பாக நாவல். நான் அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. இருபத்தைந்து வருடமாகத் தமிழில் எழுதுகிறேன். என் புத்தகத்துக்குக் கூடிய அதிகபட்சக் கூட்டம் பதினொரு பேர், அதில் மூவர் உறவினர்கள். அந்த மாடியில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லார் கழுத்திலும் கயிற்றில் கோத்த ஒரு சாவி தொங்கியது.

ஸ்பீக்கரை இறக்கிவிட்டுக் கிளம்பியிருப்பேன். நடு வரிசையில் இரண்டு பெண்கள், சனிக்கிழமை வேலை முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடு, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எல்லாவற்றையும் திருவிழா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையைப் பார்த்தவள் லோகேஸ்வரி. இது அவள் கதை. பின்னால் ஒருநாள் பட்டர்வொர்த் கடையொன்றில் தேநீர் ஆறும்வரை உட்கார்ந்து அவளே எனக்குச் சொன்னது.

2

தொடக்கம் மட்டும் மூன்று முறை எழுதினேன்.

'லோகேஸ்வரி ஒன்றரை வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும்' என்று ஒன்று. முதல் வரியிலேயே பொய் என்று சொல்லிவிட்டால் நீங்கள் அவளைக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள். நிறுத்திவிட்டேன்.

'பினாங்குப் பாலத்தின் மேல் சூரியன்' என்று இன்னொன்று. இந்த ஊரில் எழுதுகிறவர்களுக்கெல்லாம் இந்த வரி வந்தே தீரும். எனக்கு இது நான்காவது முறை.

மூன்றாவது கீழே இருக்கிறது. இதில் வேலைப்பாடு எதுவும் இல்லை. நடந்தது நடந்தபடி.

3

மர்ஜானாவின் ஒரே மகள் இஸ்ஸதி பதினாறு வயதில் டெங்கிக் காய்ச்சலில் இறந்துபோனாள். காய்ச்சல் கண்டு நான்கே நாள்.

சில வாரங்கள் கழித்து மர்ஜானா வேலைக்குத் திரும்பினாள். பாகான் டாலாமிலிருந்து காலையில் கிளம்பி, பாலம் கடந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகும் பேருந்து. இருபத்திரண்டு பெண்கள் போவார்கள். ஓட்டுநர் வேலு. யாருக்கும் அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவள் நேராக வந்து லோகேஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு துணிப்பையை வைத்தாள். உள்ளே மூன்று தடித்த புத்தகங்கள் இருந்தன.

"லோகா, நீ ஃபார்ம் சிக்ஸ் படிச்சவ. எனக்கு இந்த இங்கிலீஷ் ஏறாது. இத படிச்சு எனக்குச் சொல்லு."

"என்னாக்கா இது?"

"என் மவ சாப்பிடக் கூப்பிட்டாகூட வராம இதத்தான் படிச்சுக்கிட்டு கெடப்பா. நான் ஏசுவேன். அப்படி என்னாதான் இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

லோகேஸ்வரி சுங்கை பாக்காப் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது சோதனை அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் வேலை. கதைப் புத்தகம் கையில் எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. மூன்றாம் பாகத்தைப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தலைமுடி ரப்பர் அடையாளமாகக் கிடந்தது. பிள்ளை அதுவரைதான் படித்திருக்கிறாள்.

ரப்பரை எடுக்கவில்லை. அப்படியே மூடி வைத்தாள்.

4

(புத்தகத்தின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரூபினி இதைப் படித்தால், சுருக்குகிறேன் என்று கெடுத்துவிட்டேன் என்பாள்.)

மதிலுக்குள் ஒரு நகரம். வெளியே காற்று விஷம் என்று சொல்லியே எல்லாரையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். பதினாறு வயதில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி தருவார்கள். அது ஒரே ஒரு கதவைத்தான் திறக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன வேலை இருக்கிறதோ, சாகும்வரை அதுதான். நேவா என்ற பெண்ணுக்குக் கிடைத்த சாவி எந்தக் கதவையும் திறக்கவில்லை. கதை அங்கே தொடங்குகிறது. அவளுடைய தோழி பெரில், வாயில் காப்பவள், சுருதி சேராமல் பாடுவாள், சத்தமாகச் சிரிப்பாள். இஸ்ஸதி தன் புத்தகத்தின் உள்ளட்டையில் பேனாவால் வரைந்து வைத்திருந்தது பெரிலைத்தான்.

லோகேஸ்வரி இரவில் படித்ததைக் காலையில் பேருந்தில் சொன்னாள். முதலில் மர்ஜானாவுக்கு மட்டும், காதோடு. மூன்றாம் நாள் முன்னிருக்கை லெட்சுமி திரும்பி உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ரொஸ்னா, "சத்தமா சொல்லேன்டி, எனக்கும் கேக்கட்டும்" என்றாள்.*

* ரொஸ்னா பேசியது மலாயில். லோகேஸ்வரியும் பாதி மலாய், பாதி தமிழில்தான் கதை சொன்னாள். நான் எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டேன். இப்படிப் பார்த்தால் மாற்றிச் சொல்கிறவள் அவள் மட்டும் இல்லை.

ஒரு மாதத்தில் பேருந்து முழுக்கக் கேட்டது. வேலு வானொலியைப் போடுவதை விட்டுவிட்டார். பாலத்தில் வண்டிகள் தேங்கி ஜேம் வராதா என்று ஏங்கிய மனிதர்கள் இந்த நாட்டிலேயே அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒருநாள் நேவா மதிலின் உச்சிக்கு ஏறி முதன்முறையாக வெளியே பார்க்கிறாள். லோகேஸ்வரி அதைச் சொன்னபோது பேருந்து பாலத்தின் நடுவில் நின்றிருந்தது. இருபத்திரண்டு பேரும் ஒருசேர ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார்கள். பதினேழு வருடமாகத் தினமும் கடக்கிற கடல்.

"எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு சார்," என்றாள் என்னிடம். "நான் என்னா சொன்னேன்? புத்தகத்துல இருக்கிறத சொன்னேன். ஆனா அவங்க பாத்த பார்வ இருக்கே. அத நான் பண்ணினேனான்னு நம்ப முடியல."

5

மூன்றாம் பாகம், இருநூற்று நாற்பதாம் பக்கம்.

மதிலின் அடிவாயில் இறங்கி மூடுகிறது. உள்ளே நாற்பது குழந்தைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பெரில் தோள் கொடுத்து அதைத் தாங்குகிறாள். நாற்பதாவது குழந்தை வெளியே போன பிறகு வாயில் அவள் மேல் இறங்குகிறது.

லோகேஸ்வரி சமையலறையில் நின்றபடியே படித்தாள். அடுப்பில் இருந்தது கருகிவிட்டது. கணவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்னா ஆச்சு?" என்றார். "பெரில் செத்துட்டா" என்றாள். அவர் தொழிற்சாலையில் யாரோ என்று நினைத்துக்கொண்டு, "எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மர்ஜானா பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று பல மாதம் கழித்து முதல்முறையாகக் கண்ணுக்கு மை இட்டிருந்தாள். "சொல்லு, கதவு எறங்குது, அப்புறம்?"

இஸ்ஸதி நூற்றுப் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டாள். அவளைப் பொறுத்தவரை பெரில் உயிரோடுதான் இருந்தாள். மகளுக்கே தெரியாத ஒரு சாவை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று லோகேஸ்வரிக்குத் தெரியவில்லை. எதையும் யோசித்து வைத்துக்கொண்டு வரவில்லை அவள். வாய் தானாகத் திறந்தது.

"பெரில் கடைசி நொடியில உருண்டு வெளிய வந்துட்டா. தோள்பட்டதான் போச்சு."

பேருந்து முழுக்கப் பெருமூச்சு விட்டது. லெட்சுமி கைதட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டு பாகம், லோகேஸ்வரியே தேடி வாங்கியவை. பெரில் இல்லாத தொள்ளாயிரம் பக்கங்களில் ஒவ்வொரு நாளும் அவளுக்கு இடம் பண்ண வேண்டியிருந்தது. ஒரு கையால் தோணி கட்ட வைத்தாள், காட்டுக்குள் வழி கண்டுபிடிக்க வைத்தாள், ஒருத்தனைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வைத்தாள். (எழுதுவதே தொழிலாக வைத்திருக்கும் நான், செத்த பாத்திரத்தை இரண்டு பாகம் முழுக்க யாருக்கும் சந்தேகம் வராமல் நடமாடவிட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். என்னால் முடியாது.)

6

வாசகர் கூட்டம் நடக்கப்போவதை மர்ஜானா கைப்பேசியில் பார்த்துவிட்டாள்.

"எல்லாம் இஸ்ஸதி வயசுப் பிள்ளைங்க, லோகா. ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துருவோம்."

லோகேஸ்வரி தலைவலி என்றாள். நாத்தனார் வருகிறாள் என்றாள். மர்ஜானா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சரிலா, நான் தனியா போறேன்" என்றாள். தனியாக அனுப்ப முடியவில்லை.

ரூபினி மைக்கைப் பிடித்து, "வழக்கம்போல, மொதல்ல பெரிலுக்கு ஒரு நிமிஷம்" என்றாள். அறுபது பேரும் எழுந்து, கழுத்துச் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, தலை குனிந்து நின்றார்கள். மர்ஜானாவும் எழுந்து நின்றாள். உட்கார்ந்த பிறகு பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள்.

"பெரிலுக்கு எதுக்கும்மா ஒரு நிமிஷம்?"

"மூணாவது புக்லயே செத்துட்டாங்களே, ஆன்ட்டி."

மர்ஜானா திரும்பி லோகேஸ்வரியைப் பார்த்தாள். லோகேஸ்வரி தலை நிமிரவில்லை. நான் ஸ்பீக்கரோடு மாடிக்கு ஏறி வந்ததிலிருந்தே அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம்?" மர்ஜானா அந்தப் பெண்ணிடம்தான் கேட்டாள்.

"இருநூத்தி நாப்பது."

"என் மவ நூத்திப் பன்னெண்டோட நிறுத்திட்டா." குரல் உயரவில்லை. ஆனால் சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் புத்தகத்தை வாங்கி லோகேஸ்வரியின் மடியில் வைத்தாள். "படி. உள்ளபடி படி."

லோகேஸ்வரி படித்தாள். ரூபினி எதுவும் கேட்காமல் மைக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, அதைத் தமிழில் ஒரு வரி. நாற்பது குழந்தைகள், தோள், கதவு. முடிந்தது.

"போன வாரம்தான் பெரில் தோணிக்குத் தார் பூசிக்கிட்டு இருந்தா," என்றாள் மர்ஜானா, யாரிடம் என்று இல்லாமல்.

ரூபினி மெல்லக் கேட்டாள், "எந்தத் தோணி, ஆன்ட்டி?"

மர்ஜானா சொல்லத் தொடங்கினாள். பிள்ளைகள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் சொன்னாள். செத்துப்போன பெரில் அதற்குப் பிறகு எப்படியெல்லாம் வாழ்ந்தாள் என்று, தமிழும் மலாயுமாக, ஒரு தடுமாற்றம் இல்லாமல். கதையை அட்சரம் பிசகாமல் தெரிந்து வைத்திருந்த அந்தப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

லோகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. இதில் பாதி அவள் சொன்னதே இல்லை. பெரில் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போவாள் என்று அவள் சொல்லவில்லை. பெரிலுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று சொல்லவில்லை. தலை பின்னும்போது ரப்பரைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள் என்று நிச்சயமாகச் சொல்லவில்லை.

நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கார் சாவி கையில் இருந்தது. வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தது மறந்துபோயிருந்தது.

7

இங்கே முடிக்கலாம். முடிக்கச் சொல்லித்தான் என் கை கேட்டது.

வேறு சில முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், கீழே இறங்கும் படியில் மர்ஜானா, "எனக்கு எப்பவோ தெரியும்லா" என்கிறாள். அழகாக இருந்தது, அடித்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. அந்த மாடியில்தான் தெரிந்தது. இன்னொன்றில் லோகேஸ்வரி மன்னிப்புக் கேட்டு, இருவரும் கட்டிக்கொண்டு

இல்லை. படியில் இருவரும் பேசவே இல்லை. கரை கடக்கும் ஃபெரிப் படகில் தள்ளித் தள்ளி நின்றார்கள். திங்கட்கிழமை மர்ஜானா பேருந்துக்கு வரவில்லை. செவ்வாய் வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். புதனும் அப்படியே. கதை இல்லாத பேருந்தில் வேலு வானொலியைப் போட்டு, உடனே அணைத்துவிட்டார். லோகேஸ்வரி ஐந்தாம் பாகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி.

வியாழக்கிழமை மர்ஜானா ஏறினாள். நடந்து வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்லா சொல்லல?"

"முடியலக்கா. நீங்க அன்னைக்கு மை போட்டுக்கிட்டு வந்திருந்தீங்க."

"இனிமே அப்படிப் பண்ணாத. எனக்குத் தாங்குமா தாங்காதான்னு நீ முடிவு பண்ணாத."

"இல்லக்கா."

"கடைசி பாகத்துல என்னா இருக்கோ அத உள்ளபடி சொல்லு." பிறகு, சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டே, "பெரில நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

8

அப்படித்தான் நடந்தது. லோகேஸ்வரி எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: மதில் விழுகிறது, நேவா சாவியைத் தூக்கி எறிகிறாள், வெளியே நடக்கிறாள், தனியாக. அங்கே நிறுத்திவிட்டு மர்ஜானாவைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

மர்ஜானா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். லோகேஸ்வரி சொல்லியிருக்கிறாள். அடுத்த மூச்சிலேயே, "அத மட்டும் எழுதாதீங்க சார். அது பஸ்ஸுல சொன்னது" என்றும் சொல்லிவிட்டாள். நானும் சரி என்றுவிட்டேன். சரி என்று சொன்ன நாளிலிருந்து இதற்கு ஈடாக ஒன்றை என் கற்பனையில் எழுத முயன்று, நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டு பாகங்களில் இல்லாதவளை நடமாடவிட்டவர்கள் அவர்கள். நான் ஒரு பக்கத்துக்கே திணறுகிறேன்.

ஆகவே எழுத அனுமதி உள்ளதை மட்டும் எழுதுகிறேன். பேருந்து தொழிற்சாலை வாசலுக்கு வந்துவிட்டது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. வேலு எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். ரொஸ்னா எழுந்து நின்று முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நேவா மதிலுக்கு வெளியே வந்துவிட்டாள், எதிரே வெறும் வெளி, யாரோ சுருதி சேராமல் பாடுகிற சத்தம் கேட்கிறது. மர்ஜானா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

பெரில்

(அவளை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)