மேகத்துக்குள் மூன்று புள்ளிகள்

எங்கள் அலுவலக அறையில் ஒரு மனிதர் உண்டு. எதைக் காட்டினாலும் நொட்டை சொல்வார். நொட்டையார் என்று பெயர் வைத்ததே நான்தான். அவரிடம் போய் அந்தப் படத்தைக் காட்டியிருக்கவே கூடாது. தம்பட்டம் அடிக்காமல் இருக்க முடிந்தால்தானே!

படத்தில் இருந்தது ஒரு தூசி மேகம். சாதாரணக் கண்ணுக்கு வெறும் இருட்டு. அகச்சிவப்பு ஒளி தூசியைத் தாண்டி வருவதால், உள்ளே புதிதாகப் பிறந்த நட்சத்திரங்களை அதில் பார்க்கலாம். இதுவரை யாரும் குறிக்காத மூன்று புள்ளிகள் எனக்கு மாட்டியிருந்தன. அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியும் ஆயிற்று. "மூணுமே உன்னோடதாடி?" என்று பூரித்துப்போனாள். மறுநாள் தேர்வுக் குழுவின் முன் பேச வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வேலை நீளும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இதுக்கு முன்னாடி எதைப் படம் எடுத்தே?" என்றார் நொட்டையார்.

"அளவு சரிபார்க்க ஒரு பிரகாசமான நட்சத்திரம் சார். கேமராவுல ரெண்டு இடத்துல விழற மாதிரி வச்சு எடுத்தேன்."

"எடுத்த கையோட மேகத்துக்குப் போயிட்டே. அப்புறம் டெலஸ்கோப்பை நகர்த்தவும் இல்ல."

"நேரம் வீணாகுமேன்னு..."

தூக்கிவாரிப் போட்டது. அதிக ஒளி பட்ட இடம் கேமராவில் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பேய் என்போம். என் இரண்டு புள்ளிகள் சரியாக அந்த இரண்டு இடங்களில் உட்கார்ந்திருந்தன. இனி மூன்றாவதை மட்டும் யார் நம்புவார்கள்? மனிதரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மத்தியானம் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். டெலஸ்கோப் இருக்கும் நாட்டில் அப்போது இரவு. இங்கிருந்தபடியே அதை இயக்குவோம். திரையில் என் மேகம்! டெலஸ்கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்திருந்தார். இரண்டு புள்ளிகளைக் காணோம். மூன்றாவது எல்லாப் படத்திலும் மேகத்தோடு சேர்ந்தே இருந்தது.

"இது நிஜம்," என்றார்.

"இது யாருக்கு ஒதுக்கின டெலஸ்கோப் நேரம் சார்?"

"என்னோடதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை வரும்."

"அப்போ உங்க வேலை?"

"என் மேகம் எங்கயும் ஓடிடாது. உனக்கு நாளைக்குத்தானே?"

கேவிக் கேவி அழுதேன். "மூக்கைத் துடை," என்றார். "தலைப்புல மூணுன்னு இருக்கு, மாத்து."

மறுநாள் ஒரே ஒரு நட்சத்திரத்தைக் காட்டினேன். அதுவே போதும் என்றார்கள். வேலை நீண்டது. எழுந்து போகும்போது குழுத்தலைவி, "மறுபடி எடுக்க நேரம் யார் குடுத்தா?" என்று கேட்டார். சொன்னேன்.

"அவரா?"

"அவரேதான் மேடம்," என்றேன்.