மாமாவும் பேய்ப்படங்களும்

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாமனாருக்குக் கூடத்தில் கட்டில் போட்டார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மற்றவர்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை. மாமியார் இறந்து பல வருடமாகிவிட்டது. மகனுக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஷிப்டு வேலை. மகள் பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள், ஆனால் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. மாலையில்தான் வர முடியும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவள் மருமகள் ஒருத்தி. ஆகவே யாரும் கேட்காமல், அவளும் சொல்லாமல், பொறுப்பு அவள் தலையில் வந்து உட்கார்ந்தது.

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது அவள் வேலை. காதல் படங்களையும் குடும்பப் படங்களையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ள, அவளுக்கு மிஞ்சியதெல்லாம் பேய்ப்படங்கள். முதல் படத்தை முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தாள். அதிலிருந்து எந்தப் பேய் வந்தாலும் அவளுக்கே அனுப்பினார்கள். அவளுக்குப் பயம் வந்ததில்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறவளுக்குப் பேயின் கன்னத்தில் பசை எங்கே விட்டிருக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

மாமனார் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வாயைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை. அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு, "சாவிய எங்கம்மா வெச்ச", "கேஸ் வந்துச்சாம்மா" என்ற அளவோடு நின்றது. மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. பேச விஷயம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அவரைத் தனியே விட முடியாது என்பதால் தன் மேசையைக் கூடத்துக்கு நகர்த்திக்கொண்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நடுநடுவே திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். சில நாட்கள் கழித்து, தான் அவரைப் பார்ப்பதைவிட அவர் திரையைப் பார்ப்பது அதிகம் என்று கவனித்தாள். ஒரு மதியம் அவர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்துவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டினார்.

"சத்தம் வெக்கணுமா? இது பேய்ப்படம் மாமா."

அவர் மறுபடியும் காதைத் தொட்டார்.

"அதிர்ச்சி ஆவுற மாதிரி எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அவர் கம்பியைத் தட்டினார், முன்பைவிடப் பலமாக. அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

அதன்பின் மதியங்கள் அப்படியே போயின. திரைச்சீலையை இழுத்துவிட்டு, மாமனாருக்குத் தலையணையை உயர்த்தி வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவருக்கு ரசனை இருந்தது. பூனை குறுக்கே பாய்கிற படங்களுக்கும், திடீரென்று இசையை அலறவிடுகிற படங்களுக்கும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிடுவார். தொலைந்துபோன மகன் வருடங்கள் கழித்துத் திரும்பி வருகிற படம் ஒன்று வந்தது. பையனின் தழும்பு, பேச்சு, சாப்பிடுகிற விதம் எல்லாம் பொருந்துகின்றன. வீட்டு நாய் மட்டும் அவன் இருக்கிற அறைக்குள் வர மறுக்கிறது. அந்தப் படம் முழுக்க அவர் கண் இமைக்கவில்லை. முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிக் கை காட்டினார். அவளுக்கும் அது நல்ல படம் என்றே பட்டது. சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

படம் இல்லாத வாரங்களுக்கு நூலகத்திலிருந்து புதிதாக வந்த திகில் நாவல்களை எடுத்துவந்து, சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமாகப் படித்தாள். ஒரு நாவலில், வாடகை வீட்டுக்குக் குடிவந்த பெண் மாடி அறையிலிருந்து யாரோ தன்னைக் கூப்பிடுவதைக் கேட்கிறாள். கூப்பிடுவது அவளுடைய குரலேதான். அவள் படியேறி, கதவின் கைப்பிடியில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் வாசல் மணி அடித்தது. மருமகள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்புறம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் மணி இன்னொரு தடவை அடித்தது. கூரியர்காரர் வெளியே நின்று அலுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தாள்.

மாலையில் கணவனிடம் சொன்னாள். அவன் கட்டிலருகே குனிந்து, "அப்பா, அப்புறம்னு சொன்னீங்களாமே? எங்க, எனக்கு ஒரு தடவ சொல்லுங்க" என்று கெஞ்சிப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஏதோ முனகியிருப்பாரு. உனக்கு அப்படிக் கேட்டிருக்கும்" என்றான்.

மறுநாள் அவன் அக்கா வந்து படுக்கையைத் தட்டிப் போட்டபோது தலையணைக்கு அடியிலிருந்து நாவல் விழுந்தது. அட்டையில் கண்ணில்லாத ஒரு முகம். நாத்தனார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இதயா அப்பாவுக்குப் படிச்சுக் காட்ற?"

"அவருக்குப் பிடிச்சிருக்கு அண்ணி. நேத்து பேசினாரு."

"ரத்த அழுத்தத்துல விழுந்த மனுஷன். உனக்கு இது தொழில், சரி. அவர ஏன் இதுல இழுக்குற? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

கணவன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அக்கா சொல்றதும் சரிதானே" என்று சொல்லி வேலைக்குக் கிளம்பினான். அவள் மேசை படுக்கையறைக்குப் போனது. கதவைத் திறந்துவைத்தே வேலை செய்தாள். கூடத்தில் நாத்தனார் கொண்டுவந்து வைத்த சின்ன ஸ்பீக்கரில் அருவிச் சத்தமும் புல்லாங்குழலும் பகல் முழுக்க ஓடின.

மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்தார். கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிக்காரரைத் தொடவிடவில்லை. கஞ்சியைப் பாதியில் தள்ளினார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வருவாள். குடை, பூனை, நாற்காலி என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போன மாசம் நல்லா ஒத்துழைச்சாரே. என்ன ஆச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அன்று விடுமுறை. நாத்தனாரும் இருந்தாள். மருமகள் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள், வாய் சொல்லிவிட்டது. பயிற்சிக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தப் புத்தகம் இருக்கா? இப்ப என் முன்னாடி படிங்க" என்றாள். நாத்தனார் ஏதோ சொல்ல வந்தாள். "நான் இருக்கேன்ல மேடம்" என்றாள் பயிற்சிக்காரி.

புல்லாங்குழலை நிறுத்தினார்கள். மருமகள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். மாடி அறையில் யாரும் இல்லை. இப்போது அந்தக் குரல் கீழே, அவள் சற்றுமுன் நின்ற சமையலறையிலிருந்து கூப்பிடுகிறது. அவள் படியில் இறங்குகிறாள். சமையலறையில் அடுப்பைப் பார்த்து ஒருத்தி நிற்கிறாள், அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு. மருமகள் அங்கே நிறுத்தினாள்.

மாமனார் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார், உதடு அசையவில்லை. பயிற்சிக்காரி காத்திருந்தாள்.

"அது யாரு, அவளேதானா? இல்ல வேற யாராச்சுமா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"சும்மா இரு" என்றார் மாமனார்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மருமகளைப் பார்த்து, "அப்புறம்?" என்றார்.

அவள் படித்தாள். முடித்த பிறகு பயிற்சிக்காரி மறுபடி ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். ஏறியிருக்கவில்லை. "கூச்சல் போட்டுப் பயமுறுத்துறத மட்டும் தவிர்த்துடுங்க. மத்தபடி தாராளமா படிங்க" என்றாள். நாத்தனார் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்ததும் ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மேசை கூடத்துக்குத் திரும்பியது. வார்த்தைகள் ஒன்றிரண்டாக வந்தன. வந்தவை எல்லாம் விமர்சனமாக இருந்தன. "இழுக்குறான்." "பொய்." ஒரு படத்தில் கம்பி அறுந்து லிஃப்ட் பத்து மாடி கீழே விழுந்தபோது, "பிரேக் இருக்கும்" என்று திரையிடம் சொன்னார். நாத்தனார் பள்ளி விட்டதும் நேராக இங்கே வர ஆரம்பித்தாள். பயமான இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு, "போயிடுச்சா, போயிடுச்சா" என்று தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு மதியம் இருவர் மட்டும் இருந்தபோது மருமகள் கேட்டாள். "ஏன் மாமா இதெல்லாம் இவ்ளோ பிடிக்குது? முன்ன நீங்க பேய்ப்படம் பாத்து நான் பாத்ததில்லையே."

பதில் வர நேரமாயிற்று. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"அவங்க... கத்துறாங்க."

"யாரு, படத்துலயா?"

"பயந்தா கத்துறாங்க. யாராச்சும் வராங்க." மூச்சு வாங்கினார். "நான்... சமையக்கட்டுல... கீழ. கூப்பிட்டேன். சத்தம் வரல."

விழுந்த அன்று அவர் சமையலறைத் தரையில் கிடந்ததும், அவள் அடுத்த அறையில் ஹெட்போனுக்குள் யாரோ ஒரு பெண்ணின் அலறலுக்குச் சப்டைட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரியும். தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தாள். அவர் நினைவில்லாமல் கிடந்தார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுதா மாமா?"

அவர் தலையசைத்தார். "உன் நாற்காலி... கிறீச்சுன்னுச்சு."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் இடது கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினார். கோபம் அதில் இல்லை. பிறகு அவர் திரையைக் காட்டினார். அவள் படத்தை விட்ட இடத்திலிருந்து ஓட்டினாள். அன்று எழுதிய வரிகளை மறுநாள் முழுவதுமாகத் திருத்த வேண்டியிருந்தது.

அவர் ஊன்றுகோலோடு பத்தடி நடக்க ஆரம்பித்த சமயம், எல்லோரும் பேசிக்கொள்கிற ஒரு பேய்ப்படம் தியேட்டருக்கு வந்தது. அவள் தமிழ் எழுதாத படம். முன்கூட்டிப் பார்க்காத படம். அவரே, "போலாம்" என்றார். கணவன் விடுப்பு எடுத்தான். நாத்தனார் மாத்திரை, தண்ணீர், போர்வை என்று ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டாள். மதியக் காட்சி. பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். சக்கர நாற்காலியை வழியோரம் நிறுத்தி, அவருக்கு ஒரு பக்கம் மருமகள், பின்வரிசையில் மற்ற இருவருமாக உட்கார்ந்தார்கள்.

படம் நிதானமாகப் போனது. ஒரு பெண் கட்டிலிலிருந்து இறங்காமல், கீழே கையை விட்டுச் செருப்பைத் துழாவுகிறாள். தட்டுப்படவில்லை. இன்னும் உள்ளே விடுகிறாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை, செருப்பை மெதுவாக எடுத்து அவள் கையில் கொடுக்கிறது. அரங்கம் முழுக்க அலறியது. நாத்தனார் பையைக் கீழே போட்டாள். மருமகளே காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொண்டு அடங்கினார்கள்.

அடங்கிய பிறகு மாமனார் கத்தினார். நீளமாக, அடிவயிற்றிலிருந்து, வாய் ஒரு பக்கம் கோண. முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மகன் பின்னாலிருந்து எழுந்து ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தான்.

"அப்பா, என்னப்பா? பயந்துட்டீங்களா?"

"இல்ல" என்றார்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. தள்ளு, மறைக்குது."

அவன் குனிந்தபடியே தன் இடத்துக்குப் போனான். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மருமகள் அவர் நாடித்துடிப்பைப் பார்க்கக் கையைப் பிடித்தவள், பார்த்த பிறகும் விடவில்லை. படத்தில் அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.