போக ஒன்பது மாதம், வர பதினாறு மாதம்

1952 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தெல்ஃபினா உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வெனிசுவேலாவிலிருந்து அவள் புருஷன் எலாதியோ அடித்த விசில் எங்கள் தஹோனா பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. கடல் பக்கமிருந்து, கொஞ்சம் களைத்துப்போய், ஆனால் ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. "தெல்ஃபினா, நான் எலாதியோ. உசுரோடதான் இருக்கேன். இங்க வந்து எட்டு மாசமாச்சு. இன்னிக்கு சான் ஹுவான் திருநாள். மதியத்துக்கு என்ன?" அவள் யோசிக்கவே இல்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, விரலை மடித்து வாயில் வைத்து, "உருளைக்கிழங்கும் மோஹோத் துவையலும்தான். வேற என்ன இங்க விருந்தா நடக்குது?" என்று பதில் அடித்தாள். அடித்து முடித்த பிறகுதான் அந்த ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது நினைவுக்கு வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கிழங்கு ஆறிப்போனது.

எதிர்ச்சரிவில் ஆடு மேய்க்கும் பெர்னாபேதான் கணக்குப் போட்டவர். எலாதியோ கிளம்பியது 1950 ஆகஸ்டில். அனுமதிக் காகிதம் எதுவும் இல்லாமல், பதினைந்து பேர் போகிற மீன்படகில் ஐம்பத்து மூன்று பேராக ஏறிப் போனார்கள். அந்த வருஷம் எங்கள் லா கோமேரா தீவில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான் போனார்கள். கரை சேர்ந்தது அக்டோபரில். அதிலிருந்து எட்டு மாதம் என்றால் அடுத்த ஜூன், சான் ஹுவான் சரியாக விழுகிறது. ஆக, விசில் வந்து சேரப் பதினாறு மாதம் ஆகியிருக்கிறது. எங்கள் காற்று வருஷம் பூராவும் அமெரிக்கக் கண்டத்தைப் பார்த்து அடிப்பது, அதனால் இங்கிருந்து போவதற்கு ஒன்பது மாதம்தான் பிடிக்கிறது என்பதைப் பின்னால் வந்த பதில்களை வைத்துக் கண்டுபிடித்தோம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் போட வழியில்லாதவன் விசிலடிக்காமல் என்ன செய்வான்? ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்கு இறங்கி ஏற இரண்டு மணி நேரம் ஆகிற ஊர் இது. பிறப்பு, சாவு, ஆடு காணாமல் போனது, அடுப்புக்கு நெருப்பு கேட்பது எல்லாமே இங்கே விசில்தான். அமெரிக்கா கொஞ்சம் தள்ளியிருக்கிற எதிர்ச்சரிவு, அவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு சங்கடம், புருஷன் பெண்டாட்டி பேசுவதை ஊரே கேட்கும். கேட்கலாம், காது இருக்கிறதே. ஆனால் அடுத்தவர் பேச்சில் நுழைந்து விசிலடிக்கக் கூடாது. கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி களையைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படித்தான் ஆறு வருஷம் எல்லாரும் களை பிடுங்கினோம். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, சோளத்தை அரைத்து ரொட்டி தட்டுகிறார்கள், அதில் உப்பே இல்லை, பல் ஒன்று போய்விட்டது, ஆனாலும் விசில் சரியாக வருகிறது, இப்படியெல்லாம் வரும். ஒவ்வொன்றும் "வந்துருவேன்" என்றுதான் முடியும். தெல்ஃபினா அந்தக் கடைசி வார்த்தைக்காகவே மற்றதைக் கேட்டாள். அவன் வருவான் என்று நம்பினாள். அதை அவளே சொல்லியிருக்கிறாள், சொல்ல வெட்கப்படவும் இல்லை.

1958 ஏப்ரலில் வந்த விசிலில் "வந்துருவேன்" இல்லை. "தெல்ஃபினா, கிழங்கை எப்படி வேகவைக்கணும்? முதல்லேர்ந்து சொல்லு" என்று மட்டும் இருந்தது. அன்றைக்குப் பள்ளத்தாக்கில் ஒருத்தரும் களை பிடுங்கவில்லை. எலாதியோ வீட்டில் இருந்த காலத்தில் அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வான். தெல்ஃபினா மூன்று நாள் வெளியே வரவில்லை. நாலாம் நாள் காலையில் பாறைமேல் ஏறி, நிதானமாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி திருத்தமாக அடித்தாள்: "தோலை உரி. துண்டு போடு. தண்ணி நிறைய ஊத்து. உப்பு ஒரு சிட்டிகை போதும்." எங்கள் தீவில் கிழங்கைத் தோலோடு, உப்புக் கரிக்கிற தண்ணீரில் சுருங்கச் சுருங்கத்தான் வேகவைப்பார்கள். தோல் இல்லாவிட்டால் சுருக்கம் எதில் விழும், உப்பு எதில் பூக்கும்? விசிலில் பொய் சொல்ல முடியாது என்று சில பேர் பெருமையடிப்பார்கள். தாராளமாகச் சொல்லலாம்.

பெர்னாபேக்கு மனசு கேட்கவில்லை. ஆடுகளை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நடந்து அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, நீ அடிச்சது என் காதுல சரியாத்தான் விழுந்துச்சா?"

"விழுந்திருக்கும்."

"தோலை உரிக்கச் சொன்னே."

"அந்த ஆளு தோலைத்தான் உரிக்கணும். நடுவுல கடல் கிடக்கு, தப்பிச்சாரு."

"அதுக்குக் கிழங்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அண்ணே, பசிச்சா பச்சையா கடிச்சுட்டுப் போற மனுஷன் அது. இப்ப வேகவைக்க வழி கேக்குதுன்னா, யாருக்கோ வேகப்போவுது. யாருக்குன்னு நீயே சொல்லு, நான் திருத்திச் சொல்றேன்."

வேண்டுமானால் தானே சரியாக அடித்துவிடட்டுமா என்று பெர்னாபே மெல்லக் கேட்டுப் பார்த்தார். "அடிச்சுப் பாரு, செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். அவள் வைத்த தட்டில் ஏழு கிழங்கைத் தோலோடு தின்றுவிட்டு ஏறிப் போனார்.

ஏற்கெனவே கிளம்பிவிட்ட விசில்கள் இரண்டு மூன்று 1960 மே வரை வந்தன. அவற்றில் விசேஷம் ஒன்றுமில்லை. அதோடு நின்றுபோனது. அவளுடைய பதில் அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை என்று பெர்னாபே கணக்குப் போட்டுச் சொன்னார். தெல்ஃபினா கோபத்தில் இருந்தாள். வருஷங்கள் போகப் போக கோபம் யார்மேல் என்பது அவளுக்கே குழம்பியது. மோஹோவுக்கு மிளகாய் இடிக்கும்போது உரலில் விழுகிற அடி எதிர்ச்சரிவு வரைக்கும் கேட்கும்.

1964 நவம்பரில் ஒரு பெண்ணின் விசில் வந்தது. எங்கள் ஆளில்லை என்பது முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. இழுவை அதிகம், இரண்டு இடத்தில் உச்சரிப்பு சறுக்கியது, யாரோ பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த விசில் அது. "தெல்ஃபினா அம்மா, என் பேரு இஸ்மேனியா. எலாதியோ என் வீட்டுலதான் இருக்காரு. திட்டணும்னா அப்புறமா திட்டுங்க. ஒரு பக்கம் கை கால் வரலை, படுத்துட்டாரு. சாப்பாடு இறங்கலை. கிழங்கு செஞ்சு தரணும்னு நான்தான் ஆசைப்பட்டு உங்ககிட்ட அப்போ கேக்கச் சொன்னேன். நீங்க சொன்னபடி தோலை உரிச்சுதான் செய்யறேன். நாலரை வருஷமா ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டாரு. நேத்துதான் இதுல என்ன குறைன்னு கேட்டேன். தோலு இல்லைன்னாரு. அட பாவி மனுஷா, இத்தனை நாளு ஏன் சொல்லலைன்னேன். அவ உரிக்கச் சொன்னா உரிச்சதைத்தான் நான் திங்கணும்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு. அதான் கேக்கறேன், சரியா எப்படிச் செய்யணும்?"

அவன் யாருக்கும் சமைக்கவில்லை. அவனுக்குத்தான் ஒருத்தி சமைத்துப் போட்டிருக்கிறாள். தெல்ஃபினாவுக்கு அதுவும் வலித்தது, அதைவிட அந்த நாலரை வருஷம் வலித்தது. தண்டனை என்று தெரிந்தே தட்டைக் காலி செய்திருக்கிறான். வாசலில் நின்றபடியே அழுதாள், தலைத்துணியால் மறைக்கக்கூட இல்லை. அன்று மத்தியானம் பள்ளத்தாக்கில் ஒரு விசில் கிடையாது. பெர்னாபேயின் ஆடுகள் பக்கத்துத் தோட்டத்தில் புகுந்து முட்டைக்கோஸை மேய்ந்தன. தோட்டக்காரர் கூடச் சத்தம் போடவில்லை. எல்லார் மனசிலும் ஒரே கணக்குதான் ஓடியது: வந்த செய்திக்கே பதினாறு மாத வயசு. பதில் போக இன்னும் ஒன்பது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவன் அதுவரை இருப்பானா?

நாலு மணிக்கு அவள் பாறைமேல் ஏறினாள். பெர்னாபே எதிர்ச்சரிவிலிருந்து தொப்பியைக் கழற்றிக் காட்டினார், மூச்சு போதாவிட்டால் வாங்கி அடிக்கத் தயார் என்று. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுத் தானே அடித்தாள். "இஸ்மேனியா, கேளு. நான் அப்ப சொன்னது பொய். சின்னக் கிழங்கா எடு. கழுவு, தோல்ல கைவைக்காதே. கிழங்கு மூழ்குற அளவுக்குத் தண்ணி, கடல் தண்ணின்னா நல்லது. இல்லைன்னா கிழங்கு மிதக்குற வரைக்கும் உப்புப் போடு, பயப்படாதே. மேல துணி போட்டு மூடு. வெந்ததும் தண்ணியை வடிச்சுட்டு மறுபடி அடுப்புல ஏத்தி, பானையைப் பிடிச்சுக் குலுக்கு. தோல் சுருங்கி வெள்ளையா உப்புப் பூக்கும், அதுவரைக்கும் விடாதே. பூண்டு, சீரகம், காஞ்ச சிவப்பு மிளகாய், கல்லுப்பு, நாலையும் இடிச்சு எண்ணெய்யும் வினிகரும் விடு. மோஹோ ஓடக் கூடாது, கிழங்குல ஒட்டணும். சுடச்சுடக் கொடு. அவரு கையால எடுத்துத் திங்கட்டும், கரண்டி கொடுக்காதே." சொல்லி முடிக்கையில் உதடு வெடித்திருந்தது. அந்த வாரம் காற்று நன்றாக அடித்தது. இரண்டு வீட்டுக் கூரை ஓடு பறந்தது. யாரும் காற்றைத் திட்டவில்லை.

இருபத்தைந்து மாதம் காத்திருந்தோம். ஊரில் மூன்று கல்யாணம், ஐந்து சாவு நடந்தன. ஒரு வருஷம் கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. தெல்ஃபினா வழக்கம்போல மண்ணைக் கொத்தினாள், ஆட்டுப்பால் கறந்தாள், கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் மழையிலும் சாத்தவில்லை. 1967 ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த மறுநாள், அந்த இழுவை விசில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை சறுக்கல் இல்லை.

"அக்கா, நீங்க சொன்னது வந்து சேர்ந்துச்சு. அன்னிக்கே செஞ்சேன். வாசனை வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தாரு. நல்லா இருக்கிற கையால எடுத்துப் பதினோரு கிழங்கு சாப்பிட்டாரு, தோலோட. விரல்ல ஒட்டின உப்பைக்கூட விடலை. அப்புறம், 'அப்பாடா, அவளுக்குக் கோபம் தீர்ந்துடுச்சு'ன்னாரு. வியாழக்கிழமை அடக்கம் பண்ணினோம்."

செத்துப் பதினாறு மாதமான புருஷனுக்காக தெல்ஃபினா அன்றைக்குத்தான் கறுப்பு உடுத்தினாள். பாதிரியார் முதலில் தயங்கினார், அப்புறம் பூசை வைத்தார். ஒன்பது நாள் ஜெபத்துக்கு எங்கள் சரிவும் வந்தது, எதிர்ச்சரிவும் வந்தது. வெறும் வறுத்த மாவும் பாலாடைக்கட்டியும் போதும் என்று பெண்கள் சொல்லியும் கேட்காமல், அத்தனை பேருக்கும் கிழங்கு வேகவைத்துப் போட்டாள். பத்தாம் நாள் காலையில் பாறைமேல் ஏறினாள். துக்கம் விசாரித்து ஏதாவது அடிப்பாள் என்று நினைத்தோம். "இஸ்மேனியா, வீட்டுல தனியாவா இருக்கே? பச்சை மோஹோ தெரியுமா? கொத்தமல்லியைத் தண்டோட எடுத்துக்கோ" என்று ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து பேச்சு விட்டுப்போகவில்லை. பாலாடைக்கட்டியைப் பூண்டும் மிளகாயும் வைத்து அரைப்பது எப்படி என்பதை இரண்டே வருஷத்தில் முடித்தார்கள். வறுத்த மாவில் சூடான மீன் குழம்பை ஊற்றிக் கிளறுவதற்கு நாலு வருஷமானது, கட்டி தட்டுகிறது என்று இஸ்மேனியா திரும்பத் திரும்பக் கேட்டதால். இப்போது ஓடைக்கீரைக் குழம்பில் இருக்கிறார்கள். அதில் சோளக்கதிரைத் துண்டு போடலாமா என்று போன மாதம் கேள்வி வந்தது. பெர்னாபே கூடாது என்கிறார், ஆனால் அது அவர் பேச்சு இல்லை என்பதால் எங்களிடம்தான் சொல்கிறார். போடலாம் என்று தெல்ஃபினா அடித்த பதில் இப்போது கடல்மேல் போய்க்கொண்டிருக்கிறது.