ஒரு காதுக்கு மட்டும் காதுகுத்து

என் வீட்டுக்காரர் அருள்பாண்டி ஆனையூரில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவர்கள் முகத்துக்கு மைதா மாவு பூசியதுபோல் வெளுப்பேற்றி, பின்னால் ஒரு சிங்கத்தையும் நிறுத்திக் கொடுப்பார். ஊரான் முகத்தையெல்லாம் ஆள் உயரத்துக்கு அடித்த மனுசன், எங்கள் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு அடித்த பேனரில் சொந்தத் தங்கை புருசனின் முகத்தைத் தபால் தலை அளவுக்குப் போட்டுவிட்டார். அதுவும் கீழ் வரிசையில், சமையல்காரர் போட்டோவுக்குப் பக்கத்தில்.

தங்கை புருசன் பெயர் வெள்ளைத்துரை. அன்றைக்குப் பந்தியில் உட்காராமலே, மனைவி தாமரைச்செல்வியையும் நாலு வயசு மகள் சோலைமதியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். விளாங்குடி தாண்டிப் புதிதாகப் போட்ட பிளாட்டுகளுக்கு நடுவே, ஆளைவிட உயரமான காம்பவுண்டு சுவருக்குள் அவர்கள் வீடு. அன்றிலிருந்து அந்தக் கேட் எங்களுக்குத் திறக்கவில்லை. தாமரையின் போனும் அணைந்துபோனது.

எங்கள் சொந்தத்தில் ஆம்பளை கோபத்துக்கு இருக்கிற மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. ஒருவர் முறுக்கிக்கொண்டால் அவராக இறங்கி வரும்வரை காத்திருப்பதுதான் முறை. காத்திருந்த நேரத்தில் ஆராய்ச்சி நடந்தது. போட்டோ சிறுத்ததுதான் காரணம் என்றார்கள் பாதிப் பேர். அளவு பரவாயில்லை, சமையல்காரர் பக்கத்தில் போட்டதுதான் குத்தம் என்றார் என் வீட்டுக்காரரின் சித்தப்பா நல்லகாமன். புள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாராம் என்று சேதி வந்தபோதும், கோபம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பார் என்றுதான் வியந்தோம். நானும் சேர்ந்துதான் வியந்தேன்.

என் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்ப்பார். உள்ளேயிருந்து வெள்ளைத்துரையின் குரல் மட்டும் வரும், எல்லாரும் நல்லா இருக்கோம் மச்சான், போயிட்டு வாங்க என்று. கடைசியில் ஒரு பெரிய பேனர் அடித்து அந்தக் கேட்டுக்கு எதிரிலேயே கட்டிவிட்டு வந்தார். முழுக்க வெள்ளைத்துரை முகம். இந்தத் தடவை சிங்கம் தபால் தலை அளவுக்கு இருந்தது. ஒரு ஆடு பேனரின் கீழ்ப்பக்கத்தைத் தின்று தீர்த்தது. வேறு பலன் இல்லை.

இப்படியே ரெண்டு வருசத்துக்கு மேல் ஓடி, சோலைமதிக்கு ஏழு வயசு நடந்துகொண்டிருந்தது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்களில் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. தாய்மாமன் சீரோடு வந்தால் வாசலில் திருப்பி அனுப்புவதும் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு யோசனை சொன்னேன். சொல்லிக்கொண்டு போனால்தானே மறுப்பார், சொல்லாமல் மேளத்தோடு போவோம் என்றேன். நான் சொன்ன எதையும் உடனே கேட்காத மனுசன் இதை உடனே கேட்டார். மேளம் என்றதும் ஆசை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உறுமி மேளம், சீர்த்தட்டு, மாலை போட்ட கிடா, காது குத்த ஆசாரி பேச்சிமுத்து என்று வேன் நிறையப் போய் இறங்கினோம். மேளச் சத்தத்துக்குத் தூரத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கூடினார்கள். அத்தனை பேர் பார்க்கத் தாய்மாமன் சீரைத் திருப்பினால் அவர் பெயர் என்ன ஆவது? வெள்ளைத்துரை கேட்டைத் திறந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. இந்த மனுசனைப் போயா தப்பாக நினைத்தோம் என்று தோன்றும்படி வாங்க வாங்க என்றார். ஆனால் கோயிலுக்கெல்லாம் வேண்டாம், இங்கேயே குத்தி முடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

தாமரை பாதியாக இளைத்திருந்தாள். சோலைமதி அவளுக்குப் பின்னால் நின்றாள். சித்திரை வெயிலில் அந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த சட்டை. ஏன் இப்படி என்று அப்போதே கேட்க நினைத்தேன். ஆனால் சீர்த்தட்டை இறக்கி வைக்கிற அவசரம்.

என் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். குத்தும்போது பிள்ளை வீறிடும், அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க மேளத்தை ஓங்கி அடிப்பார்கள், பொம்பளைகள் குலவை போடுவார்கள். எல்லாரும் தயாராக நின்றோம். பேச்சிமுத்து இடது காதில் குத்தினார். மேளம் எகிறியது, குலவை கிளம்பியது. பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. அழாத பிள்ளைக்கு எவ்வளவு நேரம் குலவை போடுவது? ஒவ்வொரு வாயாக நின்றது, மேளமும் நின்றது. கெட்டிக்காரி என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் என் வீட்டுக்காரரை அண்ணாந்து பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் அழுகலைல மாமா? அழுதா அப்பா மொதல்ல இருந்து ஆரம்பிப்பாக."

மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. நான் அவள் சட்டைக் கையை மேலே ஏற்றினேன். பெல்ட்டு போட்ட தடம். ஆறினதுக்கு மேலே ஆறாதது. பேச்சிமுத்து ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

வெள்ளைத்துரை குரலை உயர்த்தவே இல்லை. எம் புள்ள, நான் கண்டிச்சு வளக்குறேன், அடிக்காம வளத்த வீட்டை எனக்குக் காட்டுங்க என்றார். வந்திருந்த ஆம்பளைகளில் ரெண்டு பேர் தலையை ஆட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சீர்த்தட்டை எடுத்து ஆளுக்கொன்று போட்டிருப்பேன். அதற்குள் தாமரை பக்கம் திரும்பிவிட்டேன். நீ எங்கேடி இருந்தாய் என்று கேட்டேன்.

"இங்கதான் மதினி இருந்தேன். நீங்க பேனர் கட்டுற சத்தம் கேட்டுச்சு. ஒருத்தராச்சும் செவரேறிக் குதிப்பீகன்னு பாத்தேன்."

 எங்கள் தப்பு எங்களுக்கு, அதற்காகப் பெற்றவள் தப்பு இல்லாமல் போகுமா என்று நினைத்தேன். அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல.

வெள்ளைத்துரை மகளைப் பார்த்து, இறங்கி உள்ளே போ என்றார். பிள்ளை உடனே எழுந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். கடையில் எழுத்து சிவப்பா மஞ்சளா என்பதைக்கூட என்னைக் கேட்டு முடிவு பண்ணுகிற மனுசன்.

"மாப்ள, ரெண்டு காதும் குத்துற வரைக்கும் புள்ளை தாய்மாமன் மடியை விட்டு எறங்கக் கூடாது. அது நம்ம வழக்கம். இன்னும் ஒரு காது பாக்கி இருக்கு."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கம் எங்கேயும் கிடையாது. நான் பார்க்காத காதுகுத்தா? ஆனால் அவர் சொன்ன தோரணையில், ஆமா ஆமா, இறங்கினா குடும்பத்துக்கு ஆகாது என்றார் நல்லகாமன். தெரியாது என்று ஒப்புக்கொள்கிற பெரிசு எங்கள் சொந்தத்தில் இல்லை. ஒருவர் தன் மகளுக்கும் அப்படித்தான் நடந்தது என்று சத்தியமே பண்ணினார். மிச்சக் காதைக் குலசாமி கோயிலில்தான் குத்த வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். அதற்கும் ஆமா போட்டார்கள். பிள்ளையை மடியிலிருந்து அப்படியே தோளுக்கு மாற்றி எழுந்தார். உறுமிக்காரர் நிலைமை புரிந்தோ புரியாமலோ ஊர்வல அடியை ஆரம்பித்தார். ஊர் முழுக்க நிற்க, மேளம் முழங்க, வழக்கத்தை எதிர்த்து எப்படி மறிப்பார்? வெள்ளைச் சட்டை விலகி வழிவிட்டது. நான் தாமரையின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் செருப்புகூடப் போடாமல் வந்தாள்.

வேன் கோயிலுக்குப் போகவில்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போனது. வழியிலேயே குழந்தைகள் உதவி எண்ணுக்கு நான் போன் போட்டேன். வெள்ளைத்துரை மேல் வழக்கு நடக்கிறது. பிள்ளையை எங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நீ ஏன் தடுக்கவில்லை என்று அதிகாரிகள் தாமரையிடமும் கேட்டார்கள். இன்னும் கேட்பார்கள். கேட்கட்டும், அவளும் பெற்றவள்தானே. எங்களோடுதான் இருக்கிறாள், சரியாகத் தூங்குவதில்லை. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

சோலைமதி ஒரு காதில் மட்டும் தோடு போட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சொந்தக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. போன வாரம் நல்லகாமன் பேச்சிமுத்துவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். பிள்ளை மாமா மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஊசியைப் பார்த்தாள்.

"வேணாம். வலிக்கும்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். சும்மா அழுகையா அது? வாயைப் பிளந்து, காலை உதைத்து, மாமாவின் சட்டைப் பொத்தான் தெறிக்க, தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகை. குலவை போட வாயெடுத்த ஒரு அத்தையை நான் முறைத்த முறையில் அவர் வாய் மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரர் பேச்சிமுத்துவை டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

தாமரை பதறிப்போய் ஜன்னலைச் சாத்த ஓடினாள், பழக்கம். ஒரு கதவைச் சாத்தியும் விட்டாள். பிறகு அந்தக் கதவில் கை வைத்தபடி மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை இன்னும் ஓங்கி அழுதுகொண்டிருந்தாள். சாத்திய கதவைத் தாமரையே திறந்துவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.