கதவை மூடும் கை

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. வண்டி போகிற வழியில் ஒரு முதியோர் இல்லத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் போகாது என்பது அவளுக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும்.

"உள்ளதைச் சொன்னா கட்டில் காலைப் பிடிச்சுக்குவாரு. ஜூன்னு சொல்லு, செருப்பு போடாமகூட ஓடி வருவாரு" என்றான் அண்ணன்.

முந்தின வாரம் அவள் துணிக்கடை வேலையிலிருந்து திரும்புவதற்குள் சமையலறைத் திரைச்சீலை இரண்டாம் முறையாக எரிந்திருந்தது. அப்பா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறார். அவளும் தலையாட்டினாள்.

ஓய்வு பெறும்வரை அப்பாவுக்கு அந்த மிருகக்காட்சி சாலையில்தான் புலிக்கூண்டில் வேலை. புலியை வேறு ஊருக்கு அனுப்புவதென்றால் பெட்டிக்கூண்டைத் திறந்தபடியே சில நாள் பக்கத்தில் வைப்பார்களாம், அதுவாகவே போய்வந்து பழகும்வரை. கிளம்புகிற அன்று இரை கிடையாது. கதவைப் பழகிய ஆள்தான் மூட வேண்டும். வேற்று ஆள் மூடினால் முட்டி மோதி மண்டையை உடைத்துக்கொள்ளும். சோறு பிசைந்துகொண்டே அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

புதன்கிழமையே துணிப்பெட்டியைத் திறந்து, சட்டைகளை அடுக்கி, அவர் கட்டிலருகே வைத்துவிட்டாள். முதல் நாள் முறைத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அதிலிருந்தே சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஞாயிறு காலை தலை வாரி உட்கார்ந்திருந்தார்.

"சாப்பாடு?"

"கார்ல உங்களுக்கு வாந்தி வரும்லப்பா. போய்ச் சாப்பிட்டுக்கலாம்."

அவர் வாசலில் பூட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"வெறும் வயிறு" என்றார். "சரிதான்."

தான் செய்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின் இருக்கையில் அவரே ஏறிக்கொண்டார்.

"என்னப்பா, உங்க புலிக்கு உங்களை அடையாளம் தெரியுமா?" என்று சிரித்தபடி அண்ணன் கதவைப் பிடித்தான். அப்பா ஒரு காலை வெளியே நீட்டி மறித்தார்.

"நீ தள்ளுடா. அவ மூடட்டும்."

அவள் வந்து நின்றாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மூடும்மா."

மெதுவாகச் சாத்தினாள். கதவு சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து, அறைந்து மூட வேண்டியிருந்தது.